செல்வி ஈவ்லின்

"இவங்க உனக்கு யாரு பாப்பா?"

கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் குனிந்து இப்படிக் கேட்டபோது கிருபாவுக்கு ஐந்து வயது. பதில் அவளுக்கு நன்றாகவே தெரியும். அடுப்படியில் நிற்க வைத்து மனப்பாடச் செய்யுள் மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "சித்தி" என்றாள். அவர் சிரித்துவிட்டு சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். அதுவரை அவள் உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் பிடியைத் தளர்த்தினாள்.

பல்லாவரம் பக்கத்தில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிற கம்பெனி அது. தோலை வெட்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, மெஷினில் தைத்து, மேல்பாகத்தை மட்டும் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். கல்யாணம் ஆகாத பெண்களைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். கல்யாணம் ஆனால் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் ஆனால் வயிறு வரும், வயிறு வந்தால் லீவு வரும், இவள் பிள்ளை பெற்று வரும்வரை கப்பல் நிற்குமா என்பது அவர்கள் நியாயம். ஈவ்லின் இருபது வயதில் அங்கே சேர்ந்தாள். அதற்கடுத்த வருஷமோ அதற்கும் அடுத்த வருஷமோ டேனியலைக் கட்டினாள். வேலையை விடவில்லை. தாலியைக் கழுத்திலிருந்து கழற்றி ஜாக்கெட்டின் உள்பக்கத்தில் வைத்துத் தைத்துக்கொண்டாள். கிருபா வயிற்றில் வந்ததும் கம்பெனியில் கொடுக்கும் ஓவர்கோட்டை ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கினாள். அதுவும் மறைக்காமல் போனபோது மஞ்சள்காமாலை, நாட்டு மருந்து சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். திரும்பி வந்தபோது இளைத்துக் கறுத்துத்தான் இருந்தாள். யாரும் சந்தேகப்படவில்லை. பிள்ளையை அக்கா ரோஸியின் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

அந்த ஈவ்லின்தான் இப்போது கோவிலம்பாக்கத்தில் வாடகை வீட்டு வாசலில், ஷாமியானாவுக்குக் கீழே, ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். கண்ணாடி மேல் நீர் பூத்துக்கொண்டே இருந்தது. கிருபா பழைய துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்தால் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மங்கியது.

தெருமுனையில் வேன் வந்து நின்றது. கம்பெனி வேன். பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். வயதானவர்கள் இரண்டு மூன்று பேர், மற்றவர்களெல்லாம் இருபதைத் தாண்டாத பெண்கள். எல்லாருக்கும் விரல் நுனி கறுத்திருந்தது. அவர்கள் வந்ததும் ஊதுபத்தி வாசனையை அமுக்கிக்கொண்டு சொல்யூஷன் வாசனை எழுந்தது. கடைசியாக இறங்கிய இரண்டு பேர் ஒரு பேனரைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். யாரையும் கேட்காமல் எதிர் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினார்கள்.

கண்ணீர் அஞ்சலி. செல்வி ஈவ்லின். எங்கள் லைனின் தாயே, உறங்கு. இப்படிக்கு உன் பிள்ளைகள்.

கிருபா அதை இரண்டு தடவை படித்தாள். அவளும் பதினெட்டு வயதில் அதே தையல் லைனில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதே எல்லாப் பெண்களும் ஈவ்லினை "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் அறுந்தால் அம்மா, ஊசி உடைந்தால் அம்மா, வயிறு வலித்தால் அம்மா. அந்த லைனில் ஈவ்லினைச் சித்தி என்று கூப்பிட்ட ஒரே ஆள் கிருபாதான். அவள் தைத்ததைத்தான் ஈவ்லின் முதலில் பிரித்துப் போடுவாள். "சொந்தக்காரின்னு சலுகை கிடையாது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

மாடி வீட்டுக் கனகவல்லி படியில் உட்கார்ந்தபடி பேனரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாது கிருபா, செல்வின்னு போட்டுக்கிறாங்க. உங்கம்மா எப்ப மறுபடி குமரியானாங்க?"

"பேனர் கடைக்காரன் பண்ண வேலை" என்று ரோஸி முந்திக்கொண்டாள். "திருமதின்னு எழுதிக் குடுத்தா செல்வின்னு அடிச்சி வச்சிருக்கான். நீ மேல போய் கொஞ்சம் டீ போட்டு எடுத்தா கனகா. தொண்ட வறண்டு போவுது."

கனகவல்லி எழுந்து போனாள். தெருவுக்குத் தெரிந்த விஷயம் வேனுக்குத் தெரியாது. வேனுக்குத் தெரிந்தது தெருவுக்குத் தெரியாது. இதற்காகத்தான் ஈவ்லின் கம்பெனிக்காரர்கள் ஒருவரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. இதற்காகத்தான் அவர்கள் பம்மலை விட்டு, குரோம்பேட்டையை விட்டு, ஷேர் ஆட்டோ மாறிப் போக வேண்டிய இந்த இடத்துக்குக் குடிவந்தது. இத்தனை வருஷமும் தனித்தனியாக இருந்த இரண்டும் இன்றைக்கு ஒரே ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன.

வேனில் வந்த பெண்கள் ரோஸியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு கிருபாவிடம் வந்தார்கள்.

"சித்தி போயிட்டாங்களேக்கா" என்றாள் ஏஞ்சல். லைனில் புதிதாகச் சேர்ந்தவள். "ஆனா உங்களுக்கு உங்கம்மா இருக்காங்க, தைரியமா இருங்க" என்று ரோஸியைக் காட்டினாள்.

கிருபா தலையை ஆட்டினாள்.

வீட்டிலும் சித்திதான். வாய் தவறிவிடக்கூடாது என்று உள்ளேயும் அதே பழக்கம். எட்டு வயதில் ஒருமுறை பல்லாவரம் சந்தையில் கூட்டத்தில் தொலைந்துபோய், தூரத்தில் ஈவ்லினின் நீலப் புடவையைப் பார்த்ததும் அம்மா என்று கத்திவிட்டாள். ஈவ்லினோடு கம்பெனிப் பெண்கள் இருந்தார்கள். ஈவ்லின் திரும்பவில்லை. அவர்களோடு பேசிக்கொண்டே நடந்தாள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் பிள்ளை பின்னால் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் ஈவ்லின் அவள் நாக்கில் மிளகாய்த்தூளைத் தடவினாள். "சொல்லு. இன்னா சொல்லணும்?" எரிகிற நாக்கோடு கிருபா சித்தி, சித்தி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டேனியல் செத்தபோது ஈவ்லின் மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். "அக்கா புருஷனுக்கு எவ்ளோ நாள் லீவு போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள்.

பிறகு கம்பெனி கை மாறியது. புது முதலாளி கல்யாணமான பெண்களையும் தேடித் தேடி எடுத்தார். அவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நிற்க மாட்டார்கள் என்றார். அன்றைக்கு சாயங்காலம் ஈவ்லின் மண்ணெண்ணெய் தொட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிருபாவுக்கு அப்போது பதினான்கு வயது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இனிமே சொல்லலாம்ல சித்தி?" என்று கேட்டாள்.

"இன்னாத்த?"

"என்னப் பத்தி."

ஈவ்லின் விரலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இப்ப போய் சொன்னா இத்தன வருசம் பொய் சொன்னவன்னு ஆயிடும். செல்வியா சேந்தேன், செல்வியாவே ரிட்டயர் ஆயிட்டுப் போறேன். சும்மா கெட."

கிருபாவின் கல்யாணத்திலும் அப்படித்தான். மாப்பிள்ளை ஸ்டெபின் வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். கம்பெனி வேன் வந்ததும் மேடையில் ஈவ்லின் நின்ற இடத்துக்கு ரோஸி வந்தாள். ஈவ்லின் இறங்கிப் போய், லைன் பெண்களோடு பரிசுப் பொட்டலம் ஏந்தி வரிசையில் நின்று, மேடை ஏறி வந்து கிருபாவுக்குக் கை கொடுத்தாள். அந்தப் போட்டோ இப்போதும் ஸ்டெபின் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

இதையெல்லாம் கிருபா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது நேற்றுக் காலையில்தான். தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஈவ்லினுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து கிருபாவிடம், "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். கம்பெனிக்காரர்கள் ஒருவரும் அங்கே இல்லை. கிருபா வாயைத் திறப்பதற்குள் ஈவ்லின் கையை உயர்த்தி, முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள்.

"அக்கா பொண்ணு" என்றாள்.

நர்ஸ் மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் ஈவ்லின் எதுவும் பேசவில்லை.

அப்போது முடிவு செய்தாள் கிருபா. பெட்டி மூடுவதற்கு முன்னால், அந்த வேன் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது, தான் ஈவ்லினின் மகள் என்று தெரிந்தாக வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். காலையில் ரோஸியிடம் சொன்னாள். ரோஸி அப்போதே போனை எடுத்து பாஸ்டரைக் கூப்பிட்டு, அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டாம், ஜெபம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் டெபோரா உட்கார்ந்திருந்தாள். ஈவ்லினோடு ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவள். ஒல்லியான உடம்பு, மையடித்த தலை, மடிப்புக் கலையாத காட்டன் புடவை. வந்ததிலிருந்து அவள் அழவில்லை. பெட்டிக்குள் இருப்பவளோடு வழக்கு பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவ தைப்பா, நான் நூல் வெட்டுவேன். எங்களோட சேந்தவளுங்க எல்லாம் ஒவ்வொருத்தியா கல்யாணப் பத்திரிகைய நீட்டிட்டுப் போயிட்டாளுங்க. நாங்க ரெண்டு பேரும்தான் மெஷினுக்கு வாக்கப்பட்ட மாதிரி நின்னுகினு இருந்தோம்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"உங்களுக்கு ஒருத்தரும் வரலியா டெபோராம்மா?" என்றாள் ஏஞ்சல்.

"வராம இன்னா. சிங்கப்பெருமாள் கோவிலாண்ட லேத் பட்டறை வச்சிருந்தாரு. சொந்தப் பட்டறை. பொண்ணு பாக்க வந்துட்டு, பொண்ணப் பாக்கவே இல்ல, எங்கம்மா போட்ட பஜ்ஜியத்தான் பாத்தாரு. ஒரு தட்டு காலி." டெபோரா கண்ணாடியில் விரலை வைத்தாள். "எனக்குப் புடிச்சிதான் இருந்துச்சி. மறுநா மத்தியானம் இவகிட்ட சொன்னேன். இவ டிபன் பாக்ஸத் தொறக்கவே இல்ல. நீயும் போயிட்டா நான் யார்கூட குந்தி துன்றதுன்னு கேட்டா. ஒரே அழுவை. நமக்கு யாருடி இருக்கா, நீயும் நானும் இப்டியே இருந்துட்டுப் போயிடலாம்னா. நான் வூட்ல போய் வேணாம்னு சொல்லிட்டேன். எங்கம்மா ஒரு மாசம் என்கிட்ட பேசல."

"அய்யோ, வருத்தமா இல்லியா?"

"வருத்தம் இன்னாடி வருத்தம். இவ இருந்தா இல்ல? ஞாயித்துக்கெழம கோவளம் போவோம், ஈஸ்டருக்கு ஒரே துணில பொடவ எடுப்போம். கட்டுனவளுங்க எல்லாம் ஒத வாங்கிகினு வந்து எங்ககிட்டதான் அழுவாளுங்க." பிறகு உள்ளே பார்த்து, "இப்ப மட்டும் என்ன வுட்டுட்டு முன்னாடி ஓடிட்ட பாரு" என்றாள்.

கிருபாவின் கையில் துணி அப்படியே நின்றது. "அது எப்போ ஆன்ட்டி?"

"நீ ஒண்ணாவது படிச்சிகினு இருந்த. உன்னச் சொல்லித்தான் என் மனச மாத்துனா. அக்கா பொண்ணு ஒண்ணு கீது, நமக்கு ரெண்டு பேருக்கும் அது போதும்னா."

கிருபா எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் ரோஸி டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா. டெபோரா ஆன்ட்டிக்கு மாப்ள வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாதான் வேணாம்னு சொல்ல வச்சாங்களா?"

தனக்குள் மட்டும் சொல்லிவந்த சொல்லை வீட்டுக்குள்ளே அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரோஸி அதைக் கவனித்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. குழாயை மூடினாள்.

"அவ போயிட்டா கம்பெனில வயசான குமரி இவ ஒருத்திதான் நிப்பா. எல்லார் கண்ணும் இவ மேலதான் வுழும். இவளுக்கு மட்டும் ஏன் ஆவல, எங்க போறா, வர்றான்னு நோண்டுவாங்க. ரெண்டு பேரா இருந்தா ஒருத்தருக்கும் தோணாது. வூட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னா. சொல்லிட்டு சிரிச்சா. நல்லா அழுதேங்கா, நம்பிட்டா அப்டின்னா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் இன்னா சொல்றது? உங்கப்பன் சம்பாரிச்சது அவன் குடிக்கே பத்தல. இவ சம்பளத்துலதான் வூடு நடந்துச்சி." ரோஸி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "அதுக்குத்தான் சொல்றேன், வாயத் தொறக்காத. செத்தவளுக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல. அந்தப் பொம்பளைக்கு வூட்ல ஒரு நாய் கூட கெடையாது. இன்னும் கொஞ்ச நேரம் பொறு. பொட்டி மூடுனா வேன் ஏறிப் போயிடுவாங்க. அப்புறம் நீ அம்மான்னு கத்து, தலையில அடிச்சிக்கோ. யார் கேக்கப் போறா?"

"யாரும் கேக்காதப்போ கத்துறதுக்கா பெரிம்மா இவ்ளோ நாள் இருந்தேன்?"

ரோஸி டம்ளர்களைத் தட்டில் கவிழ்த்து அடுக்கினாள்.

பாஸ்டர் வந்தார். ஐஸ் பெட்டியிலிருந்து தூக்கி மரப்பெட்டியில் வைத்தார்கள். வெள்ளைப் புடவை, கையில் பூங்கொத்து, கழுத்தில் ஒன்றுமில்லை. விரல் நுனிகளில் மட்டும் கறுப்பு அப்படியே இருந்தது. காலையில் கிருபா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. பாட்டுப் பாடினார்கள். ஜெபம் முடிந்தது. பாஸ்டர் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, "முகத்துணி போடுறவங்க வாங்க" என்றார்.

முகத்துணி போடுவது பெற்ற பிள்ளை செய்வது. பிள்ளை இல்லாதவர்களுக்கு நெருங்கினவர் யாராவது போடலாம். பாஸ்டர் பழக்கத்தில் கிருபாவைப் பார்த்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல ரோஸியைப் பார்த்தார். ரோஸி, "என்னால ஆவாது" என்று முனகினாள்.

டெபோரா எழுந்து வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து உதறினாள்.

"நானே எடுத்தாந்தேன். ஓரத்தக் கையாலதான் அடிச்சேன். மெஷின்ல போட்டா தடிப்பா நிக்கும், இவளுக்குப் புடிக்காது. கொற சொல்லுவா."

கிருபா முன்னால் வந்து நின்றாள். "என்கிட்ட குடுங்க ஆன்ட்டி."

"பரவால்ல பாப்பா. நான் போடறேன்."

"நான்தான் போடணும்."

"நீ அப்புறம் முத்தம் குடு. இத நான் போட்டுக்கறேன்." டெபோரா இப்போதுதான் முதல் தடவையாகக் குரல் உடைந்து பேசினாள். "எனக்கு அவ, அவளுக்கு நான். புள்ளையா குட்டியா அவளுக்கு?"

இப்போதுகூடச் சும்மா இருந்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. துணி விழுந்திருக்கும், பலகை மூடியிருக்கும். டெபோராவின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் கிருபா பார்த்ததில்லை. மை அடித்த முடியின் வேரில் வெள்ளை தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"நான்தான் புள்ள."

"எனக்குத் தெரியாதா? உன்னப் புள்ள மாதிரிதானே..."

"மாதிரி இல்ல ஆன்ட்டி. அவங்கதான் என்னப் பெத்தவங்க. லேத் பட்டறைக்காரர் உங்களப் பாக்க வந்தப்போ எனக்கு ஆறு வயசு. எங்கப்பா வூட்ல இருந்தாரு."

டெபோரா சிரித்தாள். துக்கத்தில் பிள்ளைகள் எதையாவது உளறும் என்கிற மாதிரி ரோஸியைத் திரும்பிப் பார்த்தாள். ரோஸி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டரைப் பார்த்தாள். அவர் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் தேடினார். வேன் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏஞ்சல் பேனரைத் திரும்பிப் பார்த்தாள்.

பின்னாலிருந்து கனகவல்லி, யாருக்கும் குறிப்பாக இல்லாமல், "ஏன், அவங்களுக்குத் தெரியாதா? தெருவுக்கே தெரியுமே" என்றாள்.

இனி ஒன்றும் பாக்கியில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது அம்மா என்று கூப்பிடலாம், தடுக்க ஆளில்லை. கிருபா பெட்டியின் பக்கம் குனிந்து வாயைத் திறந்தாள். நாக்கு பழைய இடத்துக்கே போய் நின்றது. உதடுகள் சேரவில்லை. அப்படியே வாயை மூடிக்கொண்டு, துணிக்காகக் கையை நீட்டினாள்.

டெபோரா நீட்டிய கையைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெள்ளைத் துணியை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், ஓரத்தோடு ஓரம் சேருகிறதா என்று விரலால் நீவிப் பார்த்தாள். அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"வேற துணி இருக்கா பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெண் உள்ளே ஓடினாள்.

வாசலில் செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. டெபோரா குனிந்து தன்னுடையதைத் தேடினாள். ஒன்று கிடைத்தது. இன்னொன்று ஏதோ ஒரு ஜோடிக்கு அடியில் போயிருந்தது. ஏஞ்சல் எழுந்து போய் அதை இழுத்து அவள் கால் பக்கம் வைத்தாள். டெபோரா இரண்டையும் காலில் மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாரைப் போட்டாள். வேன் டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்தார். அவள் அவரைக் கடந்து, வேனைக் கடந்து, தெருவில் நடந்தாள். தண்ணீர் லாரி ஒன்று எதிரே வந்தபோது ஓரமாக ஒதுங்கி நின்றாள். அது போனதும் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.